அடோன்மென்ட் (நாவல்)

இங்கிலாந்து எழுத்தாளர் இயன் மெக்யூவனின் நாவல், 2001இல் வெளிவந்தது. 1935ஆம் ஆண்டுக் கோடையில், சர்ரே பகுதி மாளிகையொன்றில் கதை தொடங்குகிறது. அவ்வீட்டு மகள் சிசிலியா டாலிஸும் வீட்டு வேலைக்காரியின் மகன் ராபி டர்னரும் காதலிக்கிறார்கள். ராபியைக் கேம்பிரிட்ஜில் படிக்கவைத்தவர் சிசிலியாவின் தந்தையே. ஆனாலும் 13 வயதுத் தங்கை பிரையோனி அவன்மீது பொய்யாகப் பாலியல் குற்றம் சாட்டியதும், சிசிலியாவைத் தவிர அக்குடும்பம் அதை நம்பிவிடுகிறது. படிப்பால் அழியாத வர்க்கக்கோட்டை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் நாவல்கள் அரிது.

அந்தப் பொய்யால் சிறைக்குச் சென்ற ராபி, அங்கிருந்து ராணுவத்துக்குப் போகிறான். வீட்டைத் துறந்து செவிலியாகிறாள் சிசிலியா. ஒருமுறை சிறிது நேரம் சந்தித்ததைத் தவிர, கடிதங்களே துணை. இரண்டாம் உலகப்போரில், 1940ஆம் ஆண்டு பிரான்சின் டன்கிர்க் வழியே பிரிட்டிஷ் படை பின்வாங்கியதை, அதில் ஒருவனான ராபியின் வழியாகச் சொல்லும் பகுதியே நாவலின் உச்சம். அங்கே வீரமுழக்கம் இல்லை. தாகம், சீழ்பிடித்த காயம், முடியாத நடை. மெக்யூவனின் தந்தையும் அப்பின்வாங்கலில் இருந்த படைவீரர். காதலர்கள் உண்மையில் சேர்ந்தார்களா என்பதை, 1999இல் மூத்த எழுத்தாளராகிவிட்ட பிரையோனி வெளிப்படுத்தும் இறுதிப்பகுதி, அதுவரை படித்த அனைத்தையும் புரட்டிப்போடுகிறது.

புக்கர் பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. ஜோ ரைட் 2007இல் திரைப்படமாக்கினார். அதன் இசைக்காக டாரியோ மரியனெல்லி ஆஸ்கர் விருது பெற்றார்.