வார்விக்‌ஷயரின் மறைந்த ஊர்கள்: 1517 விசாரணை எண்களை வாசிக்கும் முறை

இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் கவுண்டியில் இடைக்கால இறுதியில் மறைந்துபோன ஊர்களைப் பற்றி எழுதுவோர் மோரிஸ் பெரஸ்ஃபோர்டைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1940-களில் அவர் ரக்பியில் வயது வந்தோர் கல்வி நிலையம் ஒன்றின் பொறுப்பில் இருந்தார். அச்சுற்றுவட்டார வயல்களில் நடந்து, மேடு பள்ளங்களைப் பழைய ஆவணங்களோடு பொருத்திப் பார்த்ததில்தான் அவரது ஆய்வு வேர்விட்டது. 1954-இல் வெளியான அவரது நூல், ஊர்கள் அழிந்ததற்குக் கொள்ளைநோயை முதன்மைக் காரணமாகக் கொள்ளவில்லை. ஏறத்தாழ 1450 முதல் 1520 வரை, கம்பளி வருவாயை நாடிய நிலவுடைமையாளர்கள் உழுநிலத்தை வேலியிட்டு மேய்ச்சலுக்கு மாற்றிக் குடிகளை வெளியேற்றினர் என்பதே அவரது முடிபு. வயலில் கண்டதைப் பற்றி அவரோடு எனக்குப் பிணக்கில்லை. விசாரணை ஆவணங்களின் எண்களுக்கு அவர் தந்த எடையை மட்டும் ஏற்க இயலவில்லை.

அந்த ஆவணங்கள் கார்டினல் வுல்சி 1517-இல் அமைத்த ஆணையத்திற்காக உள்ளூர் நடுவர் குழுக்கள் அளித்த வாக்குமூலங்கள். இவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வொர்ம்லெய்டனில் வில்லியம் கோப் 12 நிலக்குடியிருப்புகளையும் 3 குடிசைகளையும் இடித்து, 240 ஏக்கரை மேய்ச்சலாக்கி, 60 பேரை வெளியேற்றினார். பர்ட்டன் டாசெட்டில் எட்வர்ட் பெல்க்னாப் 1497-இல் 12 குடியிருப்புகள், 360 ஏக்கர், 60 பேர். ஸ்ட்ரெட்டன் பாஸ்கர்வில்லில் ஹென்றி ஸ்மித் 12 குடியிருப்புகள், 4 குடிசைகள், 640 ஏக்கர், 80 பேர். மக்கள் அழுதுகொண்டே போனதும், தேவாலயம் கால்நடைகள் ஒதுங்கும் இடமானதும் இந்த மூன்றாவது வாக்குமூலத்தில்தான் வருகின்றன. மறைந்த ஊர்களைப் பற்றிய நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதி அது.

மூன்று ஊரிலும் குடியிருப்பு சரியாகப் பன்னிரண்டுதானா? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. வொர்ம்லெய்டனின் 240 ஏக்கரைப் பன்னிரண்டால் வகுத்தால் 20. டாசெட்டின் 360-ஐ வகுத்தால் 30. ஸ்ட்ரெட்டனில் குடிசைகளையும் சேர்த்துப் பதினாறால் வகுத்தால் 40. மீதியே இல்லை. ஆட்களை எடுத்துக்கொண்டால், டாசெட்டில் குடியிருப்புக்கு ஐவர், ஸ்ட்ரெட்டனில் குடிசை உட்பட வீட்டுக்கு ஐவர், வொர்ம்லெய்டனில் குடிசையை விட்டுவிட்டால் அதே ஐவர். உயிரோடிருந்த குடும்பங்களைத் தலையெண்ணியிருந்தால் கணக்கு இவ்வளவு சீராக வந்திருக்காது.

1489-ஆம் ஆண்டுச் சட்டத்தை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது 20 ஏக்கர் நிலத்தோடு குத்தகைக்கு விடப்பட்ட வீடுகளைப் பேண வேண்டும் என்பது அதன் விதி. வொர்ம்லெய்டனின் குடியிருப்புகள் அந்த வரம்பில் அப்படியே வந்து நிற்கின்றன. எனவே நடுவர்கள் சொன்னது எண்ணிக்கை அன்று, குற்றத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் வாய்பாடு என்பது என் கருத்து. குடிசைகளை ஓரிடத்தில் கணக்கில் கொண்டு மற்றோரிடத்தில் விட்டது ஏன் என்பதற்கு இக்கருத்து விடை தரவில்லை. மூன்று சான்றுகளைக் கொண்டு ஒரு கவுண்டி முழுமைக்கும் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆயினும் இந்த மூன்றும் சாதாரணச் சான்றுகள் அல்ல. வெளியேற்றத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் இவைதாம்.

இதற்கு முந்தைய சாட்சி, வார்விக் அருகே கைஸ் கிளிஃபில் வாழ்ந்த குருவானவர் ஜான் ரௌஸ். கவுண்டியில் குடியிழந்த இடங்களென ஏறத்தாழ 60 பெயர்களை அவர் பட்டியலிட்டார். மூன்றாம் ரிச்சர்ட் அரியணையில் இருந்தபோது புகழ்ந்துவிட்டு, ஏழாம் ஹென்றி வந்ததும் அதே ரிச்சர்டைப் பல்லோடு பிறந்தவன் என்று எழுதியவர் இவர். எனவே அவர் கோபத்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சில ஊர்களுக்கு 1279-ஆம் ஆண்டின் ஹண்ட்ரட் பதிவேடுகளைப் புரட்டி அன்றைய குடிகளைத் தம் காலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்படிச் செய்தவர் அரிது. பட்டியல் நிற்கும், அவர் சொல்லும் பேராசை என்ற காரணம் தனியே நிறுவப்பட வேண்டும்.

காலவரிசையும் இடிக்கிறது. ரௌஸ் இக்குறையை 1459-இல் கவென்ட்ரியில் கூடிய நாடாளுமன்றத்திலேயே மனுவாகக் கொடுத்தார், பலனில்லை. அப்படியானால் ஊர்கள் பல அதற்கு முன்பே காலியாகியிருக்க வேண்டும். அதுவோ கம்பளி வணிகம் மந்தமாயிருந்த காலம். லாப வேட்கை மட்டுமே அன்று ஊரைக் கலைத்திருக்கும் என்பது பொருந்தவில்லை. கிறிஸ்டோபர் டயர் 1982-இல் மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதிக்கு எடுத்துக்காட்டிய வழியே இங்கு ஒத்துவருகிறது. 1348-49 கொள்ளைநோய்க்குப் பின் நிலம் மலிந்தது. குடியானவர்கள் நல்ல நிபந்தனை கிடைத்த ஊர்களுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் கையில் நிலம் திரண்டது. பொதுவயலின் கட்டுப்பாடுகளை ஊரால் காக்க முடியவில்லை. வேலி வந்தபோது ஊர் ஏற்கெனவே தேய்ந்திருந்தது.

இதனால் பெல்க்னாப்போ கோப்போ குற்றமற்றவராகிவிட மாட்டார். வொர்ம்லெய்டனை 1506-இல் வாங்கிய ஜான் ஸ்பென்சர், அழிவு தமக்கு முன்பே நடந்துவிட்டதென ஆணையத்திடம் வாதாடினார். அவர் மந்தைக்காரர், அது அவருக்கு வசதியான வாதம். டாசெட்டில் வேலியிடப்பட்டபோது குத்தகையாளராயிருந்தவர் ஜான் ஹெரிட்டேஜ். இவரும் குடியானவர் குடும்பத்திலிருந்து எழுந்து கம்பளி வாங்கி விற்றவர். ஆக, வெளியேற்றியவர் பிரபு, வெளியேறியவர் குடியானவர் என்ற கோடு அவ்வூரிலேயே தெளிவாக இல்லை.

டாசெட்டின் சவுத்எண்ட் பகுதி எம்40 நெடுஞ்சாலைப் பணிக்கு முன்னர் 1986 முதல் 1988 வரை அகழப்பட்டது. கவுண்டியின் மற்ற ஊர்களில் இத்தகைய வாய்ப்பு எளிதில் வராது. அங்கெல்லாம் மேனர் நீதிமன்றப் பதிவுகளை ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாகப் படிப்பதே வழி. உள்ளூர் வரலாற்றுக் குழுக்களால் அதைச் செய்ய முடியும். அதுவரை வொர்ம்லெய்டனின் அறுபது பேரை மக்கள்தொகைக் கணக்காக எவரும் எடுத்தாள வேண்டாம்.