பழைய பெய்லி வழக்கேடுகள்: ஒரு சான்றாய்வு

குற்றவியல் வரலாற்றை ஆராயப் புகுவார்க்குப் பல்கலைக் கழக நூலகங்கள் இன்று எளிதில் எடுத்து நல்கும் சான்றுகளுள் தலையாயது, இலண்டன் மாநகரின் பழைய பெய்லி வழக்குமன்ற நடவடிக்கை ஏடுகளாம். 1674 முதல் 1913 வரை அச்சான இவ்வேடுகளில் ஏறத்தாழ 1,97,000 வழக்குகள் அடங்கியுள்ளன. அரசர் வரலாற்றில் இடம்பெறாத பணிப்பெண்டிரும் தெருவணிகரும் சிறு திருடரும் தம் வாய்மொழியோடு தோன்றும் இத்துணைப் பெரிய தொகுதி பிறிதொன்று காண்டல் அரிது. ஆயினும், அதனை எவ்வளவு நம்பலாம் என்பது ஆராயத்தக்கது.

இவை மன்றத்தார் எழுதிவைத்த ஆவணங்களாகத் தோன்றியன அல்ல. வழக்குச் செய்தி கேட்க விழைந்த மக்களுக்கு விற்றற்கென அச்சிட்ட சிறு வெளியீடுகளாகவே தோன்றின. 1679இல் நகராட்சி தன் இசைவின்றி இவற்றை வெளியிடலாகாது என விதித்தது. விற்பனை கருதி எழுதுவார் எதனை விரிப்பர், எதனைச் சுருக்குவர் என்பது சொல்லாமலே விளங்கும். கொலை வழக்குப் பல பக்கம் ஓடும். கைக்குட்டைத் திருட்டு ஓரிரு வரியில் முடியும். குற்றஞ்சாட்டப்பட்டார் கூறிய மறுமொழியோ பலவிடத்தும் காணப்படாது. 1790ஆம் ஆண்டினையொட்டி, விடுதலையில் முடிந்த வழக்குகளின் செய்தியை அச்சிடுவதற்கே நகராட்சி சில காலம் தடை விதித்தது. அவ்வாண்டுகளின் ஏட்டை மட்டும் கொண்டு எதிர்வாதத்தின் வன்மையை அளக்கப் புகுவார் ஏமாறுதல் திண்ணம்.

ஒரு சுவடியை மட்டும் நம்பிப் பாடம் துணிதல் தகாது என்பது நம் பதிப்பாசிரியர் நன்கறிந்த நெறி. சட்ட வரலாற்றறிஞர் சான் லாங்பைன் செய்ததும் அத்தகைய ஒப்பீடேயாம். 1754 முதல் 1756 வரை தலைமை நீதிபதியாக விளங்கிய டட்லி ரைடர், தாம் அமர்ந்து கேட்ட வழக்குகளைச் சுருக்கெழுத்தில் குறித்துவைத்திருந்தார். அக்குறிப்புகளை அச்சேடுகளோடு ஒப்புநோக்கி லாங்பைன் 1983இல் விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார். ஏடு பொய் புனைந்ததாக அவர் கண்டிலர். விட்டவையே மிகுதி எனக் கண்டார். வழக்கறிஞர் மன்றில் நின்று வினவிய செய்தியைக்கூட ஏடு சிலவிடத்து விட்டிருந்தது. இது சிறிய குறையன்று. பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் பொருட்டு வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு வினவுதல் 1730களில் தலைப்பட்டது. நடுவர்குழுவை நோக்கி முழுவுரை நிகழ்த்தும் உரிமையோ 1836இல்தான் கிட்டியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூறாண்டு வளர்ச்சியை ஏட்டின் மௌனத்தைக் கொண்டு அறுதியிட்டால், வழக்கறிஞர் தொகை உண்மையினும் குறைந்தே தோன்றும்.

2003 முதல் இவ்வேடுகள் கணினி வலையில் கிடைக்கின்றன. தொடக்க காலப் பகுதியை இருவர் தனித்தனியே தட்டெழுதி, வேறுபட்ட இடங்களை ஒப்பிட்டுத் திருத்தினர். அச்செழுத்தின் தேய்வால் இயந்திரம் படிக்கமாட்டாமையே இவ்வுழைப்பு வேண்டியதாயிற்று. போற்றத்தக்க பணி இது. எனினும், ஒரு சொல்லைத் தந்த அளவில் ஆயிரம் வழக்குகள் திரையில் வந்து நிற்பதைக் காணும் இளம் ஆய்வாளர், மன்றத்தில் நிகழ்ந்த அனைத்தும் தம் கண்முன் உள்ளதெனக் கருதிவிடுகின்றனர். விரைவு தரும் மயக்கம் அது. அவ்வேட்டை எடுத்துத் தரும் நூலகர், உடன்வைத்துக் காணவேண்டிய மூலங்களையும் சுட்டுதல் வேண்டும்: குற்றச்சாட்டு முறிகளும் சாட்சியர் வாக்குமூலங்களும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1690 முதல் 1800 வரையிலான அத்தகைய கையெழுத்து ஆவணங்களுள் ஒரு பெரும்பகுதி 2010 முதல் கணினி வழியாகவும் படிக்கக் கிடைக்கின்றது.