படுகளமும் பாந்தியன் சாலையும்

2025 பொங்கலின்போது 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' நடந்த இடங்களில் எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகமும் ஒன்று. 2007-இல் தொடங்கி, சில ஆண்டுகள் நின்றுபோய், 2023-இல் மீண்டும் வந்த விழா இது. டிக்கெட் கிடையாது. மாலையில் பறை, கரகம், ஒயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறும்.

இலவசக் கலை இரவு என்பது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருத்தணியிலும் சுற்றுவட்டாரத்திலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றின் பலமும் தெரிகிறது, குறையும் தெரிகிறது.

முதலில் பணம். சங்கமத்துக்கு அரசு செலவு செய்கிறது. பாரதத்துக்கு ஊரே வரி போடுகிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே யாராவது நோட்டை நீட்டினால், கொடுத்தவர் பெயரைக் கட்டியங்காரன் சபையில் சொல்லி வாழ்த்துவான். ஆகவே அங்கே உட்கார்ந்திருப்பவர் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். கூத்து சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

அடுத்தது நேரம். நகரத்து மாலையில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கூத்துக்கு அது திரை விலகவே போதாது. இருவர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் தன் வருகையைப் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முகவீணையும் மத்தளமும் ஏற ஏறக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்கிற காரியம் அல்ல அது. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடிய விடிய நடப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் பாதிக் கூத்தாவது மிஞ்சும். அவரால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி, எழும்பூர் மாலைக்குப் போய்ச் சேர முடியாது.

ஆனால் கூத்துக்களம் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்தது என்று சொன்னால் பொய். எந்தத் தெருவார் எங்கே நிற்கலாம், யார் வரி கொடுக்கலாம் என்பதில் சாதி பேசியது. பல ஊர்களில் இன்னும் பேசுகிறது. பெண் வேஷத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். சங்கமத்திலோ, சாவு வீட்டோடு ஒதுக்கிவைத்த பறை, அருங்காட்சியக வளாகத்தில் ஆணும் பெண்ணுமாகக் கட்டி அடிக்கும் வாத்தியமாக முன்வரிசைக்கு வருகிறது. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. தமிழ் தெரியாத ஒடிசாக்காரர் நின்று பார்த்தாலும் கரகத்துக்குக் கைதட்டலாம். இந்த ஒன்றுக்காகவே அந்த மாலை தொடர வேண்டும் என்பேன்.

இடம் என்று வரும்போதுதான் எனக்கு மனத்தாங்கல். 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம், பாந்தியன் சாலைக்குப் பெயர் தந்த பழைய 'பாந்தியன்' நின்ற வளாகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் நாடகத்துக்கும் கூடிய மண்டபம் அது. 1896-இல் அதே வளாகத்தில் நாடக அரங்கமும் எழுந்தது. ஆட்டத்துக்குப் பழகிய மண்தான். அங்கே வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கிறார், நம் மாவட்டத்துக்காரர். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படத்தில் மட்டுமே பார்த்து வியந்து எழுதிய சோழர் காலச் சிலை. ஆனால் கூடங்கள் வழக்கமாக மாலை 5 மணிக்கு மூடிவிடும். வெளியே ஆட்டம் சூடு பிடிப்பது அதற்குப் பிறகு. ஆடவந்த கலைஞருக்கும் ஆடிநிற்கும் அந்தச் சிலைக்கும் நடுவே ஒரு சுவர்.

கூத்தில் இப்படிப் பிரிவு கிடையாது. கடைசி நாள் படுகளத்தைப் பாருங்கள். துரியோதனனை மண்ணால் பல அடி நீளத்துக்குப் படுத்த கோலத்தில் செய்து, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். பீம வேஷக்காரர் அவன் தொடையில் அடிப்பார், செந்நீர் கொட்டும், திரௌபதி கூந்தல் முடிவாள். சிற்பம், நாடகம், வழிபாடு எல்லாம் ஒரே மண்ணில் நடக்கும். முடிந்ததும் பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வீட்டில் வைப்பார்கள். மாலையில் தீமிதி.

என் கட்சி கூத்தின் பக்கம்தான். அருங்காட்சியகத்தில் கலை மாலை நடத்துவதென்றால், அருங்காட்சியகமும் அதில் கலந்துகொள்ள வேண்டும். அதற்கு எழும்பூரையே நம்பியிருக்க வேண்டியதில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-இல் தொடங்கிய தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த அகழ்வைப்பகத்தின் வாசலில் ஆண்டுக்கு ஓர் இரவு, திருவள்ளூர் வட்டாரத்து ஜமா ஒன்றுக்கே முழு இரவையும் கொடுங்கள். கூடத்தை விடியும்வரை பூட்டாதீர்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு பேருந்தும் விடுங்கள்.