ஒரு வட்டில் பல குடிகள்

ஒரு பெருங்கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தவேண்டும். ஆயினும் ஒவ்வொருவரும் முழுப் பொறியும் தமக்கே உரியது என்று கருதிப் பணியாற்றவேண்டும். முரண்பட்ட இவ்விரு வேட்கைகளையும் ஒருங்கே நிறைவேற்ற எழுந்ததே மெய்நிகர்ப் பொறி என்னும் அமைப்பு. தனியே இல்லாத ஒரு பொறியை இருப்பதுபோல் நிரலால் தோற்றுவிப்பது அது. பொறியின் காலத்தைப் பங்கிடுவது அத்துணை அரிதன்று. நொடியின் நுண்கூறுகளை மாறிமாறித் தரலாம். தந்ததைத் திரும்பவும் பெறலாம். வட்டின் நிலை வேறு. அதில் எழுதியது எழுதிய இடத்திலேயே நிற்பது. ஒருவர் எழுதியதன்மேல் மற்றொருவர் எழுதினால் முன்னது ஒழிந்துபோகும். ஆகவே வட்டைப் பங்கிட்ட வரலாறு, எல்லை வகுத்த வரலாறே எனலாம்.

இவ்வரலாறு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்குகிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டில் அங்கு ஓர் அறிவியல் நிலையத்தை அமைத்தது. நார்மன் ராஸ்முசன் என்பார் அதனை நிறுவினார். அந்நிலையத்தில் ராபர்ட் கிரீசியின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் சி.பி.-40 என்னும் கட்டுப்பாட்டு நிரலை ஆக்கினர். சிஸ்டம்/360 மாடல் 40 என்னும் பொறியைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி, அதன்மேல் 14 மெய்நிகர்ப் பொறிகள் வரை ஒருங்கே இயங்கச் செய்தனர். 1967 சனவரியில் அது நாள்தோறும் பயன்படும் நிலையை எய்தியது. இம்மெய்நிகர்ப் பொறியை ஆங்கிலத்தார் பின்னாளில் ‘விருந்தினர்’ என்றே வழங்கலாயினர். விருந்தென்றால் மூன்று நாள். இதுவோ ஆண்டுக்கணக்கில் தங்குவது. ஆதலின் குடி என்பதே பொருந்தும் பெயர்.

குடிகளுக்கு வட்டு வேண்டுமே! அக்காலத்து 2311 என்னும் வட்டுக்கருவியின் அடுக்கு ஒன்று ஏறத்தாழ 72 இலட்சத்து 50 ஆயிரம் எழுத்துகளையே கொள்ளும். அதில் 200 உருளைகள். உருளைக்குப் பத்துத் தடங்கள். தடம் ஒன்றுக்கு 3,625 எழுத்துகள். உருளை என்பது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளில் நடுவிலிருந்து ஒரே தொலைவில் உள்ள தடங்களின் தொகுதி. குடிக்கொரு அடுக்கு வழங்க எந்த நிலையத்தாலும் இயலாது. ஒவ்வொரு குடிக்கும் அவ்வளவு இடம் வேண்டியதும் இல்லை. எனவே அடுக்கை உருளைக் கணக்கில் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனி வட்டுப்போலத் தோன்றச் செய்தனர். ‘மினிடிஸ்க்’ என்று அதற்குப் பெயரிட்டனர். சிறுவட்டு என்று கொள்க.

சிறுவட்டின் உள்ளியக்கம் வெறும் கூட்டல் கணக்கே. எடுத்துக்காட்டாக, ஒரு குடிக்கு 40ஆம் உருளை தொடங்கி 20 உருளைகள் தந்திருப்பதாகக் கொள்வோம். அக்குடி தன் வட்டு பூச்சியத்தில் தொடங்குவதாகவே எண்ணும். அது 5ஆம் உருளையைக் கேட்டால், கட்டுப்பாட்டு நிரல் இடைமறித்து 40ஐக் கூட்டி, உண்மை வட்டின் 45ஆம் உருளைக்கு அனுப்பும். 19க்கு மேற்பட்ட எண்ணைக் கேட்டால் அங்ஙனம் ஓரிடம் இல்லை என்று மறுக்கும். கூட்டல் ஒன்று, எல்லைச் சோதனை ஒன்று. இவ்விரண்டே சுவர். தன் சுவருக்கப்பால் வேறு குடி உண்டு என்பதையே குடி அறியாது.

எனினும் அச்சுவரை எங்கே எழுப்புவது என்று பொறிக்குச் சொன்னவர் மனிதர்தாம். சி.பி.-67ஐத் தொடர்ந்து 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370இல், பயனர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பதிவேட்டுக் குறிப்பு இருந்தது. எந்த வட்டடுக்கு, எந்த உருளை முதல், எத்தனை உருளை, படிக்க மட்டுமா எழுதவுமா என்பனவெல்லாம் அதில் ஒரு வரியில் அடங்கும். நிலப் பதிவேட்டில் கணக்கர் எழுதுவதைப்போல அவ்வரியை நிலையப் பொறுப்பாளர் எழுதினார். 40 முதல் 20 என்று ஒருவர்க்கும், 55 முதல் 20 என்று மற்றொருவர்க்கும் தவறி எழுதிவிட்டால் என்னாகும்? பொறி அதனைத் தடுக்கவில்லை. இரு குடிகளும் தத்தம் எல்லைக்குள்ளேயே எழுதின. எச்சோதனையிலும் எவரும் பிழைபடவில்லை. ஆயினும் 55 முதல் 59 வரையுள்ள ஐந்து உருளைகளில் ஒருவர் உழைப்பை மற்றவர் அழித்துக்கொண்டிருந்தனர். கோப்பு சிதைந்தபின்னரே செய்தி தெரியும். இத்தகைய கேட்டைக் காண, பதிவேட்டு வரிகளையெல்லாம் உருளை வரிசைப்படி அடுக்கி, எங்கே இடைவெளி, எங்கே மேற்கவிதல் என்று அச்சிட்டுக் காட்டும் துணைநிரல் பின்னர் அமைந்தது. பிழையைக் காட்டியது அந்நிரல். திருத்தியது மனிதக் கையே.

மற்றொரு தொல்லை இடைவெளி. சிறுவட்டு ஒரே அடுக்கில் இடையறாத துண்டாக இருத்தல்வேண்டும் என்பது விதி. ஒரு குடி நீங்கினால் 20 உருளை காலியாகும். பிறிதோரிடத்தில் மற்றொரு 20. புதியவர்க்கு 30 வேண்டுமாயின், மொத்தம் 40 இருந்தும் தர இயலாது. குடிகளை ஒவ்வொருவராகப் பெயர்த்து நகர்த்தியே இடம் சேர்க்கவேண்டும். தற்காலிக வட்டுக்கு மட்டும் இவ்வளவு இடர் இல்லை. அதற்கென ஒதுக்கிய பொதுவெளியிலிருந்து கேட்டபோது ஒரு பகுதி கிடைக்கும். பயனர் பணிமுடித்து வெளியேறும்போது அது பொதுவெளிக்கே திரும்பும். ஆயினும் துடைக்கும் ஏற்பாடு செய்யாவிடின், முன்னவர் எழுதியதன் எச்சம் பின்னவர் கண்ணிற் படக்கூடும்.

இப்பொதுவெளியையே இக்காலத்தார் ‘பூல்’ என்கின்றனர். இதனைக் குளம் என்று பெயர்ப்பது பிழை. நீர்நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வேறு; இது சீட்டாட்டத்தில் ஆடுவோர் அனைவரும் நடுவில் வைக்கும் பந்தயப் பணத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. பொதுச்சேமம் எனலாம். அதிலிருந்து பிரித்துத் தரும் பகுதிக்கு ‘வால்யூம்’ என்று பெயர். இச்சொல்லின் கதை இன்னும் சுவையானது. இலத்தீனில் சுருள் என்று பொருள்பட்டது. பின் நூலின் மடலைக் குறித்தது. கணிப்பொறி வந்தபின் காந்தநாடாச் சுருளைக் குறித்து, தன் பழம்பொருளுக்கே மீண்டது. அடுத்து வட்டடுக்கைக் குறித்தது. இன்றோ கையால் தொடக்கூடிய உருவம் எதனையும் குறிக்காமல், ஒரு கணக்கை மட்டுமே குறிக்கிறது.

இடையறாமை என்னும் விதியை உடைத்த பிறகே பொதுச்சேமம் முழு வலிவு பெற்றது. ஐ.பி.எம். 1990இல் வெளியிட்ட ஏ.ஐ.எக்ஸ். மூன்றாம் பதிப்பில், பல வட்டுகளை ஒரு தொகுதியாக்கி, அனைத்தையும் சம அளவுள்ள சிறு கூறுகளாக வெட்டினர். கூறு ஒன்று பெரும்பாலும் 4 மெகாபைட்டு. வால்யூம் என்பது இக்கூறுகளின் பட்டியல். கூறுகள் எந்த வட்டில் எங்கே கிடந்தாலும் குற்றமில்லை. முன்னே கூட்டலாக இருந்த கணக்கு இங்கே அட்டவணையாயிற்று. எந்தக் கூறு எவர்க்கு என்று நிரலே குறித்துக்கொள்வதால், கணக்கரின் கைப்பிழைக்கும் இடம் அருகியது. ஹைன்ஸ் மவுவல்ஸ்ஹாகன் 1998இல் லினக்சுக்கும் இம்முறையைக் கொணர்ந்தார். சன் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மாத்யூ ஆரன்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கி 2005இல் சோலாரிசில் சேர்த்த இசட்.எஃப்.எஸ்., பொதுச்சேமத்தையே கோப்பமைப்பின் அடித்தளமாக்கியது.

லினக்சில் மெய்நிகர்ப் பொறிகளை ஆளும் லிப்வர்ட் என்னும் நிரல்தொகுதியில் 2008ஆம் ஆண்டளவில் பொதுச்சேமமும் வால்யூமும் இடம்பெற்றன. அங்கே முதலில் சேமத்தை வரையறுத்தல்வேண்டும்: அது வெறும் கோப்படைவா, வட்டுத் தொகுதியா, வலையில் தொலைவிலுள்ள சேமிப்பா என்பதைச் சொல்லவேண்டும். பின் அதனைக் கட்டி, இயக்கி, பொறி எழும்போதெல்லாம் தானே எழுமாறு குறிக்கவேண்டும். வரையறுத்தல் ஏட்டில் எழுதுவது; கட்டுதல் நிலத்தில் கைவைப்பது. வட்டுத் தொகுதியைக் கட்டும்போது பழைய உள்ளடக்கம் போய்விடக்கூடும் என்பதைப் புதியோர் பலர் உணர்வதில்லை. ஒரே வால்யூமில் இரு குடிகள் எழுதும் பழங்கேடும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. கியூ.இ.எம்.யூ. என்னும் போலிப்பொறி நிரல், வட்டுக்கோப்பைப் பூட்டி மற்றொரு குடி புகாமல் தடுக்கும் வழக்கத்தை 2017இல்தான் மேற்கொண்டது.

வால்யூம் ஒவ்வொன்றுக்கும் லிப்வர்ட் இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஒன்று கொள்ளளவு: குடிக்குச் சொன்னது. மற்றொன்று ஒதுக்கீடு: உண்மையில் தந்தது. சிறுவட்டுக் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றே. 20 உருளை என்றால் 20 உருளை. இன்று 100 கிகாபைட்டுச் சேமத்தில் 20 கிகாபைட்டு என்று பத்துக் குடிகளுக்குச் சொல்லலாம். எழுத எழுதவே இடம் ஒதுக்கப்படும். சொன்னது 200, இருப்பது 100. எல்லாரும் ஒரே வேளையில் கேட்கமாட்டார் என்னும் நம்பிக்கையே எஞ்சிய நூற்றுக்கு ஈடு. குடி தன் கோப்பை அழித்தாலும் அவ்விடம் தானாகச் சேமத்துக்குத் திரும்புவதில்லை. விடுவித்தேன் என்னும் செய்தி கீழ்வரை செல்லுமாறு அமைத்திருந்தால்தான் திரும்பும். இதனை அமைக்காத நிலையங்களில் ஒதுக்கீடு ஏறுமுகமாகவே செல்லும்.

சேமம் நிறைந்த கணத்தில், எழுத முயன்ற குடியைக் கியூ.இ.எம்.யூ. வழக்கமாக அப்படியே நிறுத்திவைக்கிறது. குடியின் கணக்கில் இன்னும் பத்துக் கிகாபைட்டு காலியாக இருக்கலாம். அதற்கு எந்தப் பிழைச்செய்தியும் வருவதில்லை. பொறுப்பாளர் புதிய வட்டு ஒன்றைச் சேமத்தில் சேர்த்து, தொடர்க என்று ஆணையிட்டால், பாதியில் நின்ற அந்த எழுத்திலிருந்தே அது மீண்டும் இயங்கத் தொடங்குகிறது.