அச்சுப்பொறி புகுந்த வகுப்பறை

எழுத்து, படம், ஒலி ஆகியவற்றைக் கொண்டு மாணாக்கர் தாமே பாடப்பொருள் ஆக்குவதை இந்நாளில் பல்லூடகச் செயல்திட்டம் என வழங்குவர். இது கணினியோடு பிறந்தது எனக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. பிரெஞ்சு நாட்டின் மலைச் சிற்றூர் ஒன்றில், கணினி தோன்றுவதற்கு முன்பே இம்முறை வேரூன்றிவிட்டது.

அதனை நடத்தியவர் செலஸ்தேன் பிரெனே என்னும் தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1896இல் பிறந்த அவர், முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். 1920இல் பார் சுர் லூ என்னும் ஊரில் பணியேற்றபோது, நெடுநேரம் உரத்துப் பேச மூச்சு இடங்கொடுக்கவில்லை. எனவே பேச்சைக் குறைத்துப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். கண்டவற்றை எழுதச் செய்தார். 1924இல் சிறிய கை அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குக் கொணர்ந்தார்.

ஒரு பிள்ளை எழுதியதை வகுப்பே கூடித் திருத்தும். பின்னர், இடவலம் மாறியிருக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி அடுக்குவர். ஓர் எழுத்துப் பிழைத்தால் அத்தனை தாளிலும் பிழை! சொல்வதெழுதலோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடிய ஆசிரியர்க்கு இதன் அருமை விளங்கும். லினோலியத்தில் செதுக்கிய படங்களும் உடன் அச்சேறின. பின்னாளில் சிறு திரைப்படக் கருவியும் இசைத்தட்டும் இவற்றோடு சேர்ந்தன.

ஆயினும் பொறியைவிடப் பெரியது ஒன்றுண்டு. 1926 முதல், பிரிட்டனி கடற்கரையில் ரெனே தானியேல் என்னும் ஆசிரியரின் வகுப்போடு அச்சுத் தாள்கள் பரிமாறப்பட்டன. மலைப் பிள்ளைகள் எழுதியதைக் கடற்கரைப் பிள்ளைகள் படித்தனர். மதிப்பெண்ணுக்கன்றி, அறிய விரும்பும் ஒருவர்க்காக எழுதுவது எத்துணை வேறுபாடு! கொமேனியசு 1658இல் வெளியிட்ட படநூல் குழந்தைகளைப் பார்க்க வைத்தது. இங்கோ குழந்தைகளே நூல் செய்தனர்.

குழந்தையின் சொல் அச்சேறினால் ஊரும் அதனைப் படிக்கும். பிரெனே 1928இல் சேன் போல் என்னும் ஊருக்கு மாறினார். அங்கு ஒரு மாணவன் எழுதிய கனவு அச்சாயிற்று. அக்கனவில் ஊர்த்தலைவர் கொல்லப்படுகிறார். 1932 இறுதியில் ஊர்ச் சுவர்களில் கண்டனச் சுவரொட்டிகள் தோன்றின. பாரிசு நாளேடுகளும் தாக்கின. பள்ளியின் துப்புரவுக் கேடு குறித்து ஊராட்சியோடு முன்னரே வழக்காடியவர் அவர், பொதுவுடைமையாளரும் ஆவார். ஆகவே, கனவு ஒரு சாக்கே எனலாம். 1933இல் அப்பள்ளியை விட்டு நீங்கினார்.

1935இல் வான்சு என்னும் ஊரில் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். 1966இல் அவர் மறைந்தார். 1991இல் பிரெஞ்சு அரசே அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது.