பர்லியாறில் விழுந்த விரிசல்

1983 மே மாதம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறிக்கொண்டிருந்த எங்கள் அம்பாசடர், பர்லியாறு அருகே கொதித்து நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியிருந்தது. உதவ வந்த ஒருவர் அவசரத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டார். கொதிக்கும் வார்ப்பிரும்புக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. எஞ்சின் பிளாக்கின் பக்கச்சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல் விட்டது.

அந்தக் காலத்து டிரைவர்களிடம் கைவைத்தியம் இருந்தது. பெட்ரோல் டேங்க் கசிந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு கைப்பிடி மஞ்சள் தூள். அப்பாவும் மஞ்சளைப் போட்டு, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றித்தான் காரைக் கோவைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பட்டறையில் வெல்டிங் வைக்க மறுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். வார்ப்பிரும்பை முழுக்கச் சூடேற்றாமல் ஓரிடத்தில் மட்டும் பற்றவைத்தால், ஆறும்போது பக்கத்திலேயே புது விரிசல் விடும். பிளாக்கையே மாற்றச் சொன்னார்கள். அதற்குக் கையில் பணமில்லை. புதுக் காருக்குப் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் வேறு.

அப்பா ஆரல்டைட் என்ற எபாக்ஸிப் பசையை வாங்கி வந்தார். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் 1930-களில் பல்செட்டுக்கு ஏற்ற பிசினைத் தேடியபோது உருவானது எபாக்ஸி. சீபா நிறுவனம் அதை வாங்கி வளர்த்து, ஆரல்டைட் என்ற பெயரில் 1946-ல் வெளியிட்டது.

முதல் நாள் முழுக்க அப்பா பசையைத் தொடவே இல்லை. தண்ணீரை வடித்தார். விரிசல் மேலும் ஓடாதபடி, அதன் இரு முனையிலும் கைத்துரப்பணத்தால் சின்னத் துளை போட்டார். விரிசல் நெடுக அரத்தால் பள்ளம் எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தின்னரில் துடைத்தார். விளக்குப் பிடித்து நின்ற எனக்கு அலுத்துவிட்டது. "அழுக்கு இருந்தா பசை அழுக்குலதான் ஒட்டும் கண்ணு, இரும்புல ஒட்டாது" என்றார்.

மறுநாள் இரண்டு டியூபிலும் சம அளவு பிதுக்கிக் கலந்து, லேத் பட்டறையில் வாங்கிய இரும்புத்தூளைச் சலித்துச் சேர்த்து, பள்ளத்தில் அழுத்தி நிரப்பினார். பக்கத்தில் ஒரு நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டார். வெதுவெதுப்பில் எபாக்ஸி நன்றாக இறுகும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் சல்ஃபர் ஸ்பிரிங்ஸில் 1969-ல் தொடங்கிய ஜே-பி வெல்டும் எஃகுத்தூள் கலந்த எபாக்ஸிதான் என்பதைப் பின்னால் படித்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் அந்த இடத்தைப் பிடித்தது எம்-சீல். இரண்டு கட்டிகளை ஒரே நிறமாகும்வரை பிசைந்து அப்ப வேண்டியதுதான். மஹிந்திராவிடமிருந்து 2000-ல் அதைப் பிடிலைட் வாங்கியது.

எல்லா இடத்துக்கும் எபாக்ஸி பொருந்தாது. நெருப்பு எரியும் சிலிண்டர் பக்கம் வைத்தால் இளகிக் கருகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் பிடிக்காது. ஆனால் தண்ணீர்ச்சுவர் விரிசலுக்குப் பொறுமையாகச் செய்த இந்த வேலையை வெறும் ஒட்டுவேலை என்று இளக்காரமாகச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

1987-ல் காரை விற்றோம். ஒட்டிய இடத்தை வாங்குபவருக்குக் காட்டிச் சொல்லித்தான் அப்பா விற்றார். அன்றுவரை அங்கே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.