மூளைக்குள் மின்முனை: டாக்டர் கனகா

மூளைக்குள் மின்தூண்டல் என்றதும் பிரான்சின் பெனாபிட், 1987 என்றுதான் சொல்வார்கள். சென்னையில் டாக்டர் டி.எஸ்.கனகா 1975லேயே மூளைக்குள் நிலையாக மின்முனை பொருத்திவிட்டார்!

அவர் பணியாற்றிய ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம் குழு 1960களில் வேறு வழியில் போயிருந்தது. மூர்க்கம் அடங்காத நோயாளிகளின் மண்டையில் சிறு துளையிட்டு, அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதியில் ஒரு பாகத்தை அழித்தார்கள். மருந்துக்கு அடங்காதவர்கள், கட்டிப்போடுவதை விட இது மேல் என்பது அவர்கள் வாதம். பலன் கிடைத்ததாகவும் எழுதினார்கள். ஆனால் அழித்தது அழித்ததுதான். மின்முனை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். துறுதுறுப்பு மிகுந்த சிறுவர்களுக்கும் அந்த அறுவை நடந்தது. சிறுவன் எப்படிச் சம்மதம் சொல்வான்?

2017 மனநலச் சட்டம் வந்தபின், நோயாளியின் சம்மதமும் மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் மனநோய்க்காக மூளையில் கத்தி வைக்க முடியாது. கனகா 2018ல் காலமானார்.